ஷம்ஷேர்க்காரர் வீடு

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. தினமும் நாட்குறிப்பு எழுதினால் நல்ல நடை கைகூடும் என்று தமிழய்யா சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வரும் வழியிலேயே நோட்டு வாங்கிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். தெருவில் யாரிடம் கேட்டாலும் "ஷம்ஷேர்க்காரர் வீடு" என்று கை காட்டுவார்கள். அப்பாவின் பெயர் நாச்சிமுத்து என்பது பல பேருக்குத் தெரியாது. கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பத்தொன்பது வயதில் முதல் ஷம்ஷேர் பைக் வாங்கினாராம். இப்போது இருப்பது மூன்றாவது. நடுவில் வேறு எந்தக் கம்பெனி வண்டியிலும் அவர் ஏறியதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். உதிரி பாகம் கிடைக்காது என்று அப்பா ஊர் ஊராகப் போய்ப் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து வைத்திருக்கிறார். நான் படிக்கும் அறையில் பாதி இடம் அவற்றுக்குத்தான். என் மேசை என்பது பிஸ்டன்கள் நிறைந்த மரப்பெட்டி. அதன் மேல் பலகை போட்டு அப்பாவே செய்து கொடுத்தார்.

ஷம்ஷேர் என்றால் பாரசீக மொழியில் வாள். நூலக அகராதியில் பார்த்து நான் சொன்னபோது அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்ரோல் டேங்கில் பித்தளையில் வளைந்த வாள் சின்னம் திருகி வைத்திருக்கும். வண்டியை எடுக்குமுன் அதைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவ வேண்டும். அப்புறம்தான் உதை. ஷம்ஷேர் வைத்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். வழியில் இரண்டு ஷம்ஷேர் எதிரெதிரே வந்தால் நிறுத்தி, ஒருவர் வண்டிச் சின்னத்தை மற்றவர் தடவிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்கள்.

அம்மாவுக்கு வலது காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இருக்கிறது. கல்யாணத்தன்று சுட்டது.

ஜூன் 12, புதன்

அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. அங்கன்வாடியில் இத்தனை வருடம் உதவியாளராக இருந்தாள். சமையல், பாத்திரம், பிள்ளைகளைக் கழுவிவிடுவது. இனி பணியாளர். பாட்டும் கதையும் சொல்லித் தரலாம், எடை பார்த்து எழுதலாம். ஆனால் இடம் மேல்கரட்டூர். இங்கிருந்து தூரம், மேடு, காலையில் பஸ் கிடையாது. மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொந்த வண்டி இருந்தால்தான் சரிப்படும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்று கேசரி செய்தாள். அவளாகவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதை எதற்கு எழுதுகிறேன் என்றால், அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 14, வெள்ளி

மாலையில் நூலகத்திலிருந்து வரும்போது தொடக்கப் பள்ளி மைதானத்தில் அம்மாவைப் பார்த்தேன். ஜீவரத்தினம் அக்காவின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜீவரத்தினம் அக்காதான் அம்மா வேலை செய்யும் அங்கன்வாடியின் பணியாளர். புது ஸ்கூட்டர் எடுக்கப் போவதால் பழையதை அம்மாவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றினாள். திருப்பத்தில் காலை ஊன்றவே இல்லை. பழகி ரொம்ப நாள் இருக்கும். ஒரு சுற்றில் என்னைப் பார்த்துவிட்டாள். நிறுத்தாமல் சிரித்தபடி இன்னொரு சுற்று போனாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

ஜூன் 15, சனி

அம்மாவே சொல்லிவிட்டாள். அப்பா கோபப்படுகிறவர் அல்ல. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"என்ற வாசல்ல வேற வண்டி நிக்காது கோகிலா. அது உனக்குத் தெரியும்."

"அப்ப நான் மேல்கரட்டூருக்குப் பறந்து போகோணுங்களா?"

"கம்பெனி மறுபடி தொறக்கறாங்கன்னு சொன்னனல்ல. ஸ்கூட்டர்தான் மொதல்ல வருதாம். நம்மூர்லயே ஷோரூம். இருபத்தி மூணாந்தேதி தொறப்பு. மொத வண்டி நம்மளுது."

அது உண்மைதான். யாரோ வடநாட்டு முதலாளி ஷம்ஷேர் பெயரை வாங்கியிருக்கிறார். அப்பாவும் அவருடைய வண்டிச் சேக்காளிகளும் மூன்று மாதமாக இதைத்தான் பேசுகிறார்கள். அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, இருபத்து மூன்றாம் தேதி வரை பார்க்கலாம் என்றாள். ஜீவரத்தினம் அக்காவும் அதுவரை பழைய வண்டியை வேறு யாருக்கும் தருவதில்லை என்று சொல்லியிருக்கிறாராம்.

என்னிடம் கேட்டிருந்தால் அப்பா பக்கம்தான் பேசியிருப்பேன். இத்தனை வருடம் காத்திருந்த மனிதருக்கு இன்னும் ஒரு வாரம் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவுடன் வாய்க்கால் பாலத்துக்குப் போனேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஷம்ஷேர்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். முன்பு பாலம் நிறைய வண்டி நிற்குமாம். இன்று ஐந்து. அதில் ஒன்று டெம்போவில் ஏற்றி வந்தது.

ஷோரூமைத் திறக்கும் ரமணிதரன் என்பவர் காரில் வந்தார். அப்பாவின் வண்டியை வாசலில் அலங்காரமாக நிறுத்த வேண்டும், அப்பா நாலு வார்த்தை பேச வேண்டும், முதல் சாவியை அவர் கையில்தான் தருவார்கள் என்றார். சேக்காளி பொன்னுராஜ் மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். "இனி இவனப் புடிக்க முடியாதுங்க. வூட்டுக்காரிகூட அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் சோறு போடோணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வண்டியில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நீ எழுதுனா நல்லாத்தான் இருக்கும் சாமி" என்றார். சேக்காளிகளிடம், "என்ற பொண்ணு நம்ம ஆளு" என்று அப்பா சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். பொன்னுராஜ் மாமாவின் பையனைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். அவனுக்குப் பிளக் கழற்றத் தெரியும்.

ஜூன் 19, புதன்

பேச்சு மூன்றாவது முறை எழுதினேன். "உண்மை என்பது" என்று ஆரம்பித்ததை அடித்துவிட்டேன். பள்ளிப் பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது. அப்பா வாயால் சொன்னதையே எழுதினேன்: "ஒரு வண்டி நின்னுபோச்சுன்னா எறங்கிப் போயிறலாம். கூட நின்னு பாக்கறவனுக்குத்தான் அது மறுபடி ஓடும்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். "மனுசங்களுக்கும் ஒரு பேச்சு இதே மாதிரி எழுது கண்ணு" என்றாள்.

ஜூன் 22, சனி

அப்பா வண்டியைக் கழுவினார். புளி போட்டுச் சின்னத்தைத் தேய்த்தார். நான் வாளியைப் பிடித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

வாழைமரம், சீரியல் விளக்கு, செண்டைமேளம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அவருடைய வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் டேங்கைத் தடவிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பேச்சு நன்றாக வந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. கம்பெனியிலிருந்து வந்திருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவரும் தட்டினார்.

பிறகு புது ஸ்கூட்டரின் துணியை விலக்கினார்கள். சிவப்பு. முகப்பில் வாள் சின்னம். ரமணிதரன் அப்பாவிடம் சாவியைக் கொடுத்து, "உங்க வழக்கப்படி தொட்டு ஆரம்பிச்சு வைங்கண்ணா" என்றார். அப்பா குனிந்து சின்னத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

அது நகர்ந்தது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சின்னம் ஒரு பக்கமாக வழுக்கி, அடியில் பசை நாடா தெரிந்தது. அதற்கும் அடியில் சிவப்பு வெளுத்து, சிறகு விரித்த ஒரு பறவையின் வடிவம் அச்சாக இருந்தது. வேறு யாருடைய வண்டியோ. விற்காமல் வெயிலில் கிடந்த வண்டி. பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

அப்பா நிமிரவில்லை. சின்னத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, விரலை வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே இருந்தார். புகைப்படக்காரர், "அப்படியேங்க, சூப்பருங்க" என்றார். எல்லோரும் அப்பாவைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர் சிரித்தார். விரலை எடுக்கவில்லை. அது ஒட்டிக்கொள்ளும்வரை படம் எடுத்தார்கள்.

காட்டுவதற்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். அதைக் கண்காட்சிக்காகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சாவியையும்தான். எங்கள் வண்டி பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

திரும்பி வரும்போது காற்று சத்தமாக இருந்தது.

அதே நாள், இரவு உணவுக்குப் பின்

அப்பா அம்மாவிடம் வண்டியைப் பற்றி நிறையச் சொன்னார். மேடு ஏறும், மைலேஜ் கொடுக்கும், சீட் அகலம் என்று. ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஜீவரத்தினம் அக்கா நாளைக்குள் பதில் கேட்டிருக்கிறாராம்.

"நீயும் பாத்தயல்ல. அவருக்கு அந்தப் பேரு இருந்தா உரலும் ஓடும். நீ சொல்லு கண்ணு. அந்த வண்டிய நம்பி நான் மேடத்துகிட்டச் சரின்னு சொல்லலாமா?"

அப்பா வாசற்படியில் நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரமே இல்லாத கை.

"நல்ல வண்டிதானுங்மா."

அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்துபோய்ப் பாலுக்கு உறை ஊற்றினாள்.

நான் ஓட்டிப் பார்க்கவில்லை. வண்டி நல்லதாகவும் இருக்கலாம். எந்தத் தொழிற்சாலையில் செய்தால் என்ன, ஓடினால் சரி. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது. "பெற்ற பிள்ளையை ஆசீர்வதிப்பது போல" என்று கீழே போட்டிருக்கிறார்கள். அப்பா கடையில் ஒட்டியிருக்கிறார்.

ஜீவரத்தினம் அக்கா பழைய ஸ்கூட்டரைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துவிட்டார். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் ஷம்ஷேருக்கு முன்பதிவு செய்தாள்.

ஜூலை 1, திங்கள்

அம்மா மேல்கரட்டூரில் சேர்ந்தாள். புது வண்டி வரும்வரை அப்பா கொண்டுபோய் விடுகிறார். அம்மா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். இருவரும் போவதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

நேற்று மேட்டில் வண்டி சூடேறி நின்றுவிட்டதாம். அம்மா தாமதம். இன்றும் தாமதம். மேடம் போனில் கேட்டிருக்கிறார். அங்கே உதவியாளர் இடம் காலியாக இருக்கிறது. சாவி அம்மாவிடம் மட்டும்தான். அவள் போனால்தான் கதவு திறக்கும்.

ஷோரூமில் கேட்டால், லாரி கிளம்பிவிட்டது என்கிறார்கள். போன வாரமும் அதே லாரிதான் கிளம்பியது.

ஜூலை 6, சனி

இன்று பள்ளி விடுமுறை. பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம் என்று நானும் கிளம்பினேன். மூன்று பேரும் ஒரே வண்டியில். நான் நடுவில்.

கரட்டு மேட்டில் பாதி ஏறியதும் வண்டி இருமி நின்றது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். உதைத்தார். மறுபடி கழற்றினார். சுற்றிலும் கள்ளிதான், நிழல் இல்லை. அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல்கரட்டூர்க்காரர் ஒருவர் பைக்கில் வந்து நிறுத்தினார். அம்மாவை அடையாளம் தெரிந்தவர். "டீச்சர், ஏறுங்க, உட்டுட்டுப் போறேன். பெரிய மேடம் ஜீப் அப்பவே மேல போச்சு" என்றார்.

அம்மாவை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டு இன்றுதான் கேட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலை தூக்கவில்லை. "ரெண்டு நிமிசம். பத்திக்கும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அப்பா எப்போது கேட்பார் என்று தெரியாதல்லவா, அதனால் நான் வண்டியையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

பைக்கில் வந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டார்.

ரொம்ப நேரம் கழித்துப் பத்திக்கொண்டது. நாங்கள் போனபோது பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை படியிலேயே தூங்கிவிட்டது. தாய்மார்கள் நின்றிருந்தார்கள். ஜீப்பில் வந்த பெரிய அதிகாரி அம்மாவிடம் பேசவில்லை. சூப்பர்வைசர் மேடம் மட்டும் பேசினார். அம்மா கதவைத் திறந்து, முதலில் அந்தத் தூங்கும் குழந்தையைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தாள்.

கதை படிக்கவில்லை. புத்தகம் பையிலேயே இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார்கள். பழைய வேலைக்கு. மேல்கரட்டூருக்கு வேறொரு பெண் போகிறாராம். ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்.

அப்பா, "விடு கோகிலா. அந்த மேட்டுல போயி யாரு கஷ்டப்படறது" என்றார். அம்மா பச்சைப் புடவையை அலசிக் காயப்போட்டாள்.

ஜூலை 17, புதன்

அறிவியல் தேர்வு. நன்றாக எழுதினேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஸ்கூட்டர் வந்துவிட்டது. பொன்னுராஜ் மாமாவும் சேக்காளிகளும் வந்திருந்தார்கள். அப்பா எலுமிச்சை வைத்து, சூடம் காட்டினார். அம்மாவைக் கூப்பிட்டுப் பொட்டு வைக்கச் சொன்னார். அம்மா சந்தனம் குழைத்து வந்து முகப்பில் வைத்தாள். ஈரச் சந்தனம் பட்டதும் சின்னம் அவள் விரலோடு வந்துவிட்டது.

அம்மா கையில் இருந்ததைப் பார்த்தாள். வண்டியில் வெளுத்துத் தெரிந்த பறவையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தாள்.

மழை தூறியதால் நான் துணி எடுக்கப் போனேன்.

பொன்னுராஜ் மாமாதான் முதலில் பேசினார். "அடப்பாவிகளா" என்றார். அப்பா அவரை மேலே பேச விடவில்லை. நொடித்துப்போய் எழுந்த கம்பெனி, முதல் வண்டி முன்னே பின்னேதான் இருக்கும், நாமே குறை சொன்னால் வேறு யார் தாங்குவது என்றார். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே போய்ப் பசை எடுத்து வந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. அம்மா அதில் ஏறுவதில்லை. கிட்டத்தில் பெருக்கும்போது சுற்றிக்கொண்டு போகிறாள். அங்கன்வாடிக்கு நடந்துதான் போகிறாள், முன்பு போலவே. முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாலத்துக்குப் போனோம். இரண்டு பேர்தான் வந்தார்கள். பொன்னுராஜ் மாமா வரவில்லை. கிளம்பும்போது அப்பா வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கு நீ பாத்தது எனக்குத் தெரியும் சாமி. சொல்லியிருந்தயின்னா என்ற மானம் போயிருக்கும். நீ நம்ம ஆளு."

நான் எதிர்பார்த்த அதே வார்த்தைகள். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஒரு செருப்பு மிதந்து வந்தது. அது பாலத்துக்கு அடியில் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று மாலை அம்மாவுடன் அரசு மருத்துவமனைக்குப் போனேன். முழங்காலுக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். எது எப்போது என்று மருந்து கொடுப்பவர் வேகமாகச் சொன்னார். நான் கவனமாகக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அம்மா இரண்டு அட்டையையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளை காலைல சாப்புட்டதுக்கு அப்புறம், மஞ்சள் ராத்திரிக்குங்மா" என்றேன்.

"சரி கண்ணு" என்றாள்.

சாப்பிட்டாள். தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள். மாத்திரையைப் போடாமல் வாசலுக்குப் போய் நின்றாள். ஜீவரத்தினம் அக்காவின் ஸ்கூட்டர் வந்ததும் கை காட்டி நிறுத்தி, இரண்டு அட்டையையும் காட்டிக் கேட்டாள். அக்கா திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரி என்றார்.

அப்புறம்தான் அம்மா வெள்ளை மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.